நாயுடு பெயரில் பாலம், நாயுடு வேலைக்கு அபராதம்

கோயம்புத்தூர் அவிநாசி ரோட்டில் உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை பத்து கிலோமீட்டருக்கு நீளும் மேம்பாலத்துக்கு ஜி.டி. நாயுடு பெயரை வைத்து, 2025 அக்டோபர் 9 அன்று திறந்தார்கள். திறந்த கையோடு சண்டையும் திறந்தது. தெருப் பெயர்களில் சாதியை எடுக்கச் சொன்ன அரசே பாலத்துப் பெயரில் ‘நாயுடு’வை விட்டுவைக்கலாமா என்றது ஒரு கட்சி. அதை வெட்டினால் ஆள் யாரென்றே தெரியாதே என்றது இன்னொரு கட்சி. டீக்கடையிலும் தொலைக்காட்சியிலும் பேச்செல்லாம் அந்த மனிதரின் பெயருக்குப் பின்னால் தொங்கும் வாலைப் பற்றித்தான். அவருடைய கை என்ன செய்தது என்று யாரும் பேசவில்லை. பேசினால் வம்பு. அவர் செய்ததை இன்றைக்கு ஒரு பையன் செய்துவிட்டு அதே பாலத்தில் வந்தானென்றால், மடக்கிச் சீட்டுக் கிழிக்க வேண்டியிருக்கும்.

அவர் செய்தது இதுதான். கலங்கல் கிராமம். பள்ளிக்கூடம் பிடிக்காத பையன். லங்காஷயர் என்ற வெள்ளைக்கார வருவாய் அதிகாரி ஊருக்குள் ஓட்டி வந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்ததும் அவனுக்குப் பித்துப் பிடித்தது. கோயம்புத்தூருக்கு வந்து ஓட்டலில் சர்வர் வேலை பார்த்துக் காசு சேர்த்து, அந்த வண்டியையே விலைக்கு வாங்கினான். வாங்கியதை அக்கக்காகப் பிரித்துப் போட்டு மறுபடி பூட்டினான். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஓடிய பஸ், பிறகு யு.எம்.எஸ். பஸ் கம்பெனி, 1937இல் பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து செய்த மின்மோட்டார், எல்லாம் அந்தப் பிரித்துப் பூட்டலுக்குப் பின்னால் வந்தவை. நாட்டை அன்றைக்கு ஆண்டவன் அந்நியன். அவன்கூட, “பிரித்தாயே, படிவம் எங்கே?” என்று கேட்டதாக வரலாறு இல்லை.

இன்றைய பையன் ஒருவனை வைத்துக்கொள்வோம். சூலூர்ப் பக்கம் என்றே இருக்கட்டும். கட்டுத்தரை மூலையில் சாக்கு மூடிக் கிடக்கிறது தாத்தாவின் 1982 எஸ்டி ரோடுகிங். கிக்கரையே மடக்கிக் கியராக மிதிக்கிற வண்டி. செய்தது மைசூர் ஐடியல் ஜாவா. 1996இல் அந்தக் கம்பெனியே இழுத்துப் பூட்டிவிட்டது. பையன் இஞ்சினை இறக்குகிறான். கணபதியில் ஒரு லேத் பட்டறையில் போரிங் போடுகிறான். பிஸ்டன், ரிங், கிராங்க் பேரிங் என்று ஒவ்வொன்றாகத் தேடி அலைகிறான். டேங்க் ஒடுக்கெடுத்து, பட்டி பூசி, தண்ணி பேப்பர் போட்டு விரல் நுனி தேயத் தேய்க்கிறான். பாயிண்டைச் சரிபார்த்துக் காயிலை மாற்றி, ஒரு சாயங்காலம் உதைக்கிறான். இரண்டு சைலன்சரிலும் நீலப் புகை. பக்கத்து வீட்டு அப்பத்தா எட்டிப் பார்த்து, “உங்க தாத்தன் சத்தமாட்டவே இருக்குது கண்ணு” என்கிறாள்.

மெக்கானிக் வேலை அத்துடன் முடிந்தது. இனி மந்திரிச்சு விடுகிற வேலை. தாத்தா இறந்துபோனதால் படிவம் 31. அதற்கு முன்னால் தாலுகா ஆபீசில் வாரிசுச் சான்று. அத்தைமார் கையெழுத்து. துருப்பிடித்த சேசிஸ் நம்பருக்குப் பென்சில் பிரிண்ட். பதிவு எப்போதோ காலாவதி. தாமதித்த ஒவ்வொரு மாதத்துக்கும் 300 ரூபாய் சட்டத்தில் எழுதியிருக்கிறது. பையன் கடைசியில் எல்லாரும் போய்ச் சேருகிற இடத்துக்கே போய்ச் சேர்கிறான்: ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு எதிர்க்க, ஜெராக்ஸ் கடை நிழலில் உட்கார்ந்திருக்கிற புரோக்கர்.

“ஏனுங்ணா, இது விண்டேஜ்ல வராதுங்ளா?”

“அதுக்கு அம்பது வருசம் ஆவோணும் தம்பி. உன்ற வண்டி எந்த வருசம்?”

“எம்பத்திரெண்டுங்.”

“அப்ப 2032ல வா.”

“அதுவரைக்கும்?”

“அதுவரைக்கும் இது ஓட்டை வண்டி. ரினீவல், லேட் பீசு, பசுமை வரி எல்லாங் கட்டோணும்.”

“அம்பது ஆயிட்டா ஓட்டலாம்ங்ளா?”

“அம்பது ஆயிட்டா ஓட்டப்படாது.”

புரோக்கர் நக்கலடிக்கவில்லை. 2021 ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட விதியைத்தான் சுருக்கிச் சொன்னார். முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, மூல வடிவம் மாறாத வண்டி ‘விண்டேஜ்’. சேசிஸிலோ இஞ்சினிலோ பெரிய மாற்றம் கூடாது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், செல்லுபடி 10 ஆண்டு, மறுபதிவுக்கு 5,000. நம்பரில் ‘விஏ’ என்று ஒரு முத்திரை. இத்தனையும் கட்டி முடித்தால் அன்றாடம் சாலையில் ஓட்டத் தடை. கண்காட்சிக்கும் விண்டேஜ் ராலிக்கும் போகலாம், பெட்ரோல் போடவும் ரிப்பேருக்கும் போகலாம். அவ்வளவுதான்.

ஆக, நம் நாட்டில் மோட்டார் சைக்கிளின் ஆயுள் இப்படிப் போகிறது. 15 வயதில் அதற்குக் கிழப்பட்டம். பதிவைப் புதுப்பிக்க 300 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 1,000 ஆனது. 20 வயது தாண்டினால் 2,000 என்று 2025 ஆகஸ்டில் இன்னொரு ஆணை. ஐம்பதாவது பிறந்தநாள் வரை அது காற்றைக் கெடுக்கும் குற்றவாளி. மறுநாள் காலை அது தேசத்தின் பாரம்பரியச் சின்னம், உற்சவமூர்த்தி மாதிரி திருவிழாவுக்கு மட்டும் வெளியே வரும். இடைப்பட்ட முப்பத்தைந்து வருடம் அதைக் காப்பாற்றி வைத்தவனுக்கு என்ன மரியாதை? அவன்தான் அந்த முப்பத்தைந்து வருடமும் அபராதம் கட்டியவன். 1983இல் வந்த ராஜ்தூத் 350, 1985இல் வந்த ஆர்எக்ஸ் 100 எல்லாம் இப்போது இந்த நரகத்தில்தான் உருள்கின்றன. ஐம்பதைத் தொடுமுன் பாதி பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போயிருக்கும். மிச்சத்தைப் பாரம்பரியம் என்று கொண்டாட அரசு மாலையோடு காத்திருக்கிறது.

பெட்ரோல் போடப் போகலாம் என்ற சலுகையை மட்டும் எழுதிய அதிகாரி யாரோ, அவர் நன்றாயிருக்க வேண்டும். கொங்குநாட்டான் சும்மா விடுவானா? வால்பாறையில்தான் சுத்தமான பெட்ரோல் கிடைக்கிறதென்று சனிக்கிழமை காலையில் கிளம்பிவிடுவான்.

புகைதான் காரணம் என்கிறார்கள். வாஸ்தவம், டூ ஸ்ட்ரோக் வண்டி புகைக்கும். மாதத்தில் நான்கு ஞாயிறு, டீக்கடை வரை போய்த் திரும்புகிற வண்டி எவ்வளவு புகைக்குமோ அவ்வளவு புகைக்கும். அந்தப் புகைக்குப் பசுமை வரி. சரி, வெள்ளலூர் குப்பைக் கிடங்கு கோடையில் பற்றி எரிந்து சுற்றுவட்டாரமே மூச்சுத் திணறுகிறதே, அந்தப் புகைக்கு எந்தப் படிவம்? நொய்யலின் குறுக்கே பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணையைத் திருப்பூர்ச் சாயக்கழிவுத் தொட்டியாக்கி, கீழ்ப்பாசன நிலத்தையும் கிணற்றையும் நாசமாக்கினோமே, அதற்குத் தாமதக் கட்டணம் மாதம் எவ்வளவு? சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி 2011இல் உயர் நீதிமன்றம் உத்தரவு போட வேண்டியிருந்தது. ஆற்றைக் கொன்றவனுக்குப் பென்சில் பிரிண்ட் எடுக்க முடியாதாம். தாத்தா வண்டியை உயிர்ப்பித்தவனுக்கு எடுக்கலாம்.

இந்த விதியெல்லாம் யாரை உறுத்தாது என்றும் சொல்லிவிடுகிறேன். புல்லட்டைப் பாதியாக அறுத்துச் சுவரில் பதித்து, அதற்குக் கீழே பள்ளிபாளையம் சிக்கன் விற்கிற ரெஸ்டாரண்டுக்கு விஏ முத்திரை தேவையில்லை. கல்யாணத்துக்கு முன்னால் பொள்ளாச்சித் தென்னந்தோப்பில், இஞ்சின் இல்லாத ஜாவா மேல் பெண்ணையும் மாப்பிள்ளையையும் உட்காரவைத்துப் படம் பிடிக்கிறவர்களுக்குப் படிவம் 31 தெரியாது. பழைய பெயரையும் பழைய டேங்க் வடிவத்தையும் தூசி தட்டி, ஜாவாவை 2018இலும் எஸ்டியை 2022இலும் புது விலையில் திரும்ப விற்ற கம்பெனிக்கும் சிக்கலில்லை. செத்த வண்டியாக இருக்கலாம், பொம்மையாக இருக்கலாம், விளம்பரமாக இருக்கலாம். ஓடினால்தான் குற்றம்.

பையனுக்குப் போரிங் போட்டுக் கொடுத்த லேத்துக்காரரை மறந்துவிட்டோம். ஆவாரம்பாளையம், கணபதி, பீளமேடு என்று ஒற்றை லேத்தும் ஒரு டிரில்லிங் மிஷினும் வைத்து ஜாப் ஒர்க் செய்கிற ஆயிரக்கணக்கானவர்களில் ஒருவர். கையில் கொடுத்த உடைந்த சாமானைப் பார்த்தே அளவு சொல்லுவார். கம்பெனி மூடி முப்பது வருடமான வண்டிக்குச் சாமான் பிறப்பது இவர் கையில்தான். ‘தென்னிந்தியாவின் மான்செஸ்டர்’ என்று மேடைதோறும் பீற்றிக்கொள்கிற ஊருக்கு உண்மையில் சோறு போடுகிற கை. அந்தக் கைக்கு நாம் கொடுத்தது மின்கட்டண உயர்வு, நிலைக்கட்டணம், பீக் அவர் கட்டணம். தாங்க முடியாமல் 2023 செப்டம்பர் 25 அன்று தமிழ்நாடு முழுக்கச் சிறு தொழிற்கூடங்கள் கதவடைத்தன. நம்மில் எத்தனை பேருக்கு அது நினைவிருக்கிறது? பாலத்துப் பெயரின் வால் நினைவிருக்கிறது.

அதே பாலம் ஹோப் காலேஜைத் தாண்டித்தான் போகிறது. நாயுடு முன்னின்று 1945இல் தொடங்கிய ஆர்தர் ஹோப் கல்லூரியின் மிச்சப் பெயர் அது. பொறியியலுக்கு நான்கு வருடம் வீண், இரண்டு போதும் என்று அவர் வாதாடிப் பார்த்தார், எடுபடவில்லை, விலகிக்கொண்டார். இன்றைக்கு இந்த ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் பொறியியல் கல்லூரி. நான்கு வருடம் முடித்து மெக்கானிக்கல் பட்டத்தோடு வெளியே வரும் பிள்ளைக்கு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றக் கைவரவில்லை என்றால் யாருக்கும் வெட்கமில்லை. கட்டுத்தரையில் கழற்றிப் பூட்டியவன் மட்டும் ஜெராக்ஸ் கடை நிழலில் நிற்கிறான்.

ஐம்பதுகளில் அரசின் வரிக் கெடுபிடியை எதிர்த்து, நாயுடு தன் கண்டுபிடிப்புகளையே மேடை போட்டு ஊர் பார்க்க உடைத்தார். இன்றைக்கு அந்தச் சிரமம் வேண்டாம். வண்டியைக் கொண்டுபோய்ப் பதிவு பெற்ற ஸ்கிராப்பிங் மையத்தில் விட்டால் அவர்களே உடைத்து நொறுக்கி, கையில் ஒரு சான்றிதழும் தருவார்கள். அடுத்து வாங்குகிற புது வண்டிக்குச் சாலை வரியில் 25 சதவீதம் வரை கழிவு தரலாமென்று மத்திய அரசின் விதி சொல்கிறது. புரோக்கர் அந்த வேலையையும் எடுத்துச் செய்கிறார். அதற்கு அவர் கேட்கிற கமிஷன் குறைவு, ஏனென்றால் பழைய வண்டி தொடர்பான எல்லா வேலையிலும் ஆபீசில் ஒரே நாளில் முடிகிறது அது ஒன்றுதானாம்.