அமராவதிக்குப் பொன்னாடை

ஒரு பழைய கோயிலை இடித்தால் பாவம். அதையே தோண்டி, கணக்கெழுதி, கப்பலேற்றினால் ஆராய்ச்சி. இந்த உயர்ந்த தத்துவத்தைக் கிருஷ்ணா நதியின் தென்கரையில் நூறாண்டு காலம் செய்து காட்டிய பெருமக்கள் உண்டு. அமராவதிப் பெருந்தூபியை இல்லாமல் ஆக்கிய அந்தத் தொண்டர்களுக்கு இதுவரை ஒருவரும் விழா எடுக்கவில்லை. மேடை போடுவோம். பொன்னாடைகளைக் கொண்டுவாருங்கள்.

முதலில் தூபியைப் பற்றி இரண்டு வார்த்தை. கி.மு. 3ஆம் நூற்றாண்டளவில் எழுந்து, சாதவாகனர் காலத்தில் சுண்ணக்கல் சிற்பங்களால் போர்த்தப்பட்டது. 1344இல் கூட இலங்கைப் பிக்கு ஒருவர் இங்கே திருப்பணி செய்ததைக் கடலாதெனியக் கல்வெட்டு சொல்கிறது. அதன்பின் பிக்குகளும் இல்லை, விளக்கும் இல்லை. மண் மூடி, செடி முளைத்து, வெறும் மேடாகிப்போனது. சுமார் நானூற்றைம்பது ஆண்டுகள் அதைக் காப்பாற்ற யாரும் வரவில்லை. அதனால்தான் பிழைத்துக் கிடந்தது.

முதல் பொன்னாடை ஜமீன்தார் வாசிரெட்டி வெங்கடாத்ரி நாயுடுவுக்கு. 1790களின் கடைசியில் அவர் புது ஊர் கட்டினார். ஊருக்குக் கல் வேண்டும். மேட்டில் கல் சும்மா கிடந்தது. புதையலும் இருக்கும் என்று ஒரு நப்பாசை. தோண்டினார்கள். தங்கம் கிடைக்கவில்லை, புத்தர்தான் கிடைத்தார். யாருக்கு வேண்டும் அவர்? நடுவில் குளம் வெட்டினார்கள். சிற்பப் பலகைகள் சுண்ணாம்புக் காளவாய்க்குப் போயின. சித்தார்த்தன் பிறந்ததும் ஞானம் பெற்றதும் வெந்து நீறாகி ஊர்ச் சுவருக்கு வெள்ளையாயின.

கர்னல் மெக்கன்சிக்கு அரைப் பொன்னாடை. 1798இல் வந்து பார்த்தவர், 1816இல் ஆட்களோடு திரும்பிவந்து வரைய வைத்தார். அந்தப் படங்கள் இல்லையென்றால் எதை இழந்தோம் என்பதே தெரிந்திருக்காது. மீதி அரையை ஏன் பிடித்துக்கொண்டோம் என்றால், அவருடைய ஆட்களும் தோண்டினார்கள், கல் கொண்டுபோனார்கள்.

1830இல் ராபர்ட்சன் என்ற கலெக்டருக்கு மசூலிப்பட்டினத்துச் சந்தை அழகில்லாமல் இருப்பதாகப் பட்டது. அமராவதியிலிருந்து முப்பத்துச் சொச்சம் பலகைகளை வரவழைத்து அலங்கரித்தார். ஊரான் வீட்டு நெய்யே என்று தாராளம் காட்டிய அந்தக் கைக்கு ஒரு பொன்னாடை.

அடுத்தவர் வால்டர் எலியட். 1845இல் தோண்டி, சிற்பங்களைச் சென்னைக்கு அனுப்பினார். இங்கே அவை வெட்டவெளியில், வெயிலிலும் மழையிலும் கிடந்தன. 1859இல்தான் லண்டனுக்குக் கப்பலேறின. கணக்குப் பாருங்கள்: சரியாகப் பதினான்கு ஆண்டு வனவாசம். ராமனாவது வனவாசம் முடிந்ததும் வீட்டுக்குப் போனான். இவற்றுக்குக் கிடைத்த பெயரோ ‘எலியட் மார்பிள்ஸ்’. செதுக்கியவன் பெயர் இல்லை, செதுக்கிய ஊரின் பெயர் இல்லை, வண்டி பிடித்து அனுப்பியவரின் பெயர்! கல்லும் பளிங்கு இல்லை, பல்நாட்டுச் சுண்ணக்கல்.

இப்போது எல்லோரும் எழுந்து நில்லுங்கள். பெரிய மாலை வருகிறது. மெட்ராஸ் கவர்னர், பக்கிங்ஹாம் டியூக் அவர்கள்! 1877இல் ராபர்ட் சூவல் ஒரு பகுதியைத் தோண்டிவிட்டுப் போயிருந்தார். டியூக்குக்கு அரைகுறை வேலை பிடிக்காது. 1880இல் மேடு முழுவதையும் வெட்டி அப்புறப்படுத்த உத்தரவு போட்டார். எந்தக் கல் எங்கே நின்றது என்ற ஒழுங்கான பதிவே இல்லாமல் வெட்டினார்கள். விவரமறிந்த ஜேம்ஸ் பர்ஜெஸ் 1881 கடைசியில் வந்து சேர்ந்தபோது அங்கே இருந்தது பெரிய பள்ளம். ஜமீன்தாரின் கூலியாட்களால் முடியாததை அரசாங்கம் ஒரே உத்தரவில் முடித்தது. எழும்பூர் அருங்காட்சியகத்தில் ஒரு வட்டச் சிற்பம் உண்டு: நளகிரி என்ற மதயானை தெருவில் ஆட்களைத் தூக்கியடித்து வந்து, புத்தரின் காலடியில் மண்டியிடும். யானையை அடக்க முடிந்தது. கவர்னரை அடக்க அவராலும் ஆகவில்லை.

சமகாலத் தொண்டர்களை விட்டுவிட்டால் கோபித்துக்கொள்வார்கள். 2015இல் ஆந்திரத்தின் புதுத் தலைநகருக்கு இந்த ஊரின் பெயரையே சூட்டினார்கள். அடிக்கல் விழாவுக்கு நாடாளுமன்ற வளாகத்து மண்ணும் யமுனைத் தண்ணீரும் டெல்லியிலிருந்து வந்தன. நூறாண்டு காலம் மண்ணை அள்ளிக்கொண்டே போன இடத்தின் பெயரால் ஒரு குடம் மண்! இதற்குப் பொன்னாடை போதாது, ஆளுயர மாலையே போடலாம்.

விழா முடிந்தது. விளையாட்டும் முடிந்தது.

லண்டனில் இன்றும் ஒரு நியாயம் சொல்கிறார்கள்: நாங்கள் எடுத்து வராவிட்டால் நீங்கள் எல்லாவற்றையும் சுண்ணாம்பாக்கியிருப்பீர்கள். ஐயா, அமராவதி அடங்கியிருந்த குண்டூர் 1788இலேயே கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்துவிட்டது. காளவாய் எரிந்தது உங்கள் ஆட்சியில். சந்தையை அலங்கரித்தவர் உங்கள் கலெக்டர். பள்ளம் வெட்டியவர் உங்கள் கவர்னர். கொண்டுபோனதையாவது கண்ணைப்போலக் காத்தீர்களா? 1867இல் ஜேம்ஸ் பெர்குசன் தேடிக் கண்டெடுத்தபோது அவை ஃபைஃப் ஹவுஸ் மாளிகையின் வண்டிக்கொட்டகையில் கிடந்தன. 1880இல் பிரிட்டிஷ் மியூசியம் பெற்றுக்கொண்டது. பிறகு 20ஆம் நூற்றாண்டில் சுமார் 30 ஆண்டுகள் நிலவறையில் போட்டுவைத்தது. 1992இல் தனிக் கூடம் திறந்தபோது அதற்குப் பணம் கொடுத்தது ஒரு ஜப்பானியப் பத்திரிகை.

திருப்பிக் கொடுத்தால் நிறுத்தி வைக்க அங்கே தூபி இல்லையே என்பீர்கள். தூபி எங்கே போனது என்று உங்கள் டியூக்கின் உத்தரவைப் புரட்டிப் பாருங்கள். காளவாய்க்காரன் கல்லைச் சுட்டான், சுண்ணாம்பை விற்றான், காசு வாங்கிக்கொண்டு போனான். தன்னை ஒருநாளும் காவலன் என்று சொல்லிக்கொள்ளவில்லை. நீங்கள் கல்லையும் வைத்துக்கொண்டு நன்றியும் கேட்கிறீர்கள். முதலில் கல்லைக் கொடுங்கள். நன்றியைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம்.