சர்ச்சிலைக் கவிழ்த்த ஒற்றை ஓட்டு

இரண்டாம் உலகப் போர் முழுக்க வின்ஸ்டன் சர்ச்சிலின் கூட்டணி அரசாங்கம் பிரிட்டிஷ் காமன்ஸ் சபையில் ஒரே ஒரு முறைதான் தோற்றது. டன்கிர்க்கிலிருந்து படை தப்பித்தோம் பிழைத்தோம் என்று ஓடிவந்தபோது தோற்கவில்லை. சிங்கப்பூர் பறிபோனபோது தோற்கவில்லை. டோப்ருக் விழுந்ததும் கொண்டுவந்த நம்பிக்கையில்லாத் தீர்மானத்தை 475-க்கு 25 என்று ஊதித் தள்ளினார். கடைசியில் மனிதரைக் கவிழ்த்தது டீச்சரம்மாக்களின் சம்பளம்.

சபைக்குள் பெண்கள் எப்படி வந்தார்கள் என்பதே தனிக் கூத்து. 1919-இல் உள்ளே போய் உட்கார்ந்த முதல் பெண் நான்சி ஆஸ்டர். கணவர் பிரபுவாகி மேல்சபைக்குப் போய்விட்டதால் காலியான தொகுதி அவருடையது. 1921-இல் வந்த இரண்டாமவர் மார்கரெட் விண்ட்ரிங்ஹாம். அவர் கணவர் நிஜமாகவே மேலே போய்விட்டார். துக்கம் காப்பதால் தேர்தல் மேடையில் பேச மாட்டேன் என்றார் அந்த அம்மாள். ஜனங்கள் ஓட்டுப் போட்டார்கள். வாயே திறக்காமல் ஜெயித்த வேட்பாளர்! நம் ஊர்க் கட்சிகள் யோசிக்க வேண்டிய உத்தி.

ஆஸ்டர் வந்து உட்கார்ந்தது, தான் குளித்துக்கொண்டிருக்கும்போது குளியலறைக்குள் ஒரு பெண் நுழைந்த மாதிரி இருந்ததாக சர்ச்சில் சொன்னாராம். அப்படிப் பயப்படுகிற அளவுக்கு நீங்கள் ஒன்றும் அழகன் இல்லையே என்றாராம் ஆஸ்டர். நடந்ததோ இல்லையோ, இரண்டு பேருக்கும் பொருந்துகிற கதை. பெண் உறுப்பினர்களுக்கென்று ஓர் அறை ஒதுக்கினார்கள். அதற்கு அவர்களே வைத்த பெயர் ‘பாதாளச் சிறை’. கட்சி வித்தியாசம் பார்க்காமல் எல்லாரையும் அங்கேதான் அடைத்தார்கள். ஆண்கள் செய்த பெரிய தப்பு அதுதான். டோரி என்கிற கன்சர்வேட்டிவ் கட்சிப் பெண்ணும் லேபர் பெண்ணும் ஒரே மேஜையில் கடிதம் எழுத உட்கார்ந்தால் என்னென்ன பேசுவார்கள் என்று யாரும் யோசிக்கவில்லை.

1935 தேர்தலில் 615 இடங்களில் பெண்கள் ஜெயித்தது 9. இடைத்தேர்தல்களில் இன்னும் சிலர் சேர்ந்தார்கள். எட்டிப் பார்த்தால் ஏழாம் பொருத்தம்: ஆஸ்டருக்கு சோஷலிஸ்டுகளையும் பிடிக்காது, சாராயத்தையும் பிடிக்காது. எலினோர் ராத்போன் எந்தக் கட்சியிலும் இல்லாத சுயேச்சை. ஈடித் சம்மர்ஸ்கில் லேபர் கட்சி டாக்டர். மேவிஸ் டேட்டும் ஐரீன் வார்டும் அசல் டோரிகள். இவர்களைச் சேர்த்துவைத்த புண்ணியம் ஹிட்லருடைய விமானப்படைக்கும் பிரிட்டிஷ் கஜானாவுக்கும் பாதிப் பாதி.

விஷயம் இதுதான். குண்டுவீச்சில் காயம்பட்ட பொதுமக்களுக்கு அரசாங்கம் வாராவாரம் நஷ்டஈடு கொடுத்தது. பெண்ணுக்கு ஆணைவிட 7 ஷில்லிங் குறைவு. ஒரே வீடு, ஒரே குண்டு, இரண்டு பேருக்கும் ஒரே கால் போயிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அம்மாளின் கால் 7 ஷில்லிங் மலிவு. சம்பளத்துக்குப் போகாத குடும்பப் பெண் என்றால் அதைவிட மோசம். வேலைக்கே போகாதவளுக்கு நஷ்டம் எங்கிருந்து வரும் என்பது அதிகாரிகளின் தர்க்கம். இதைச் சொன்ன கனவான்களின் வீட்டில் யார் சமைத்தார்கள் என்று கேட்கக் கூடாது.

உண்மையான பயம் வேறு. இன்றைக்குக் காலுக்குச் சமவிலை கொடுத்தால் நாளைக்கு வேலைக்குச் சமசம்பளம் கேட்பார்களே! 1942 நவம்பரில் மேவிஸ் டேட் திருத்தம் கொண்டுவந்தார். சம்மர்ஸ்கில் கூட நின்றார். தோல்விதான், ஆனால் போர்க்காலத்தில் தங்கள் அரசாங்கத்தையே எதிர்த்து 95 பேர் ஓட்டுப் போட்டது கொரடாக்களின் தூக்கத்தைக் கெடுத்தது. ஒரு கமிட்டி உட்கார்ந்தது. கமிட்டியும் பெண்கள் பக்கமே சாய்ந்தது. 1943 ஏப்ரலில் அரசாங்கம் பணிந்தது. பயந்தது வீண்போகவில்லை: அடுத்த வருஷமே சமசம்பளம் கேட்டார்கள்.

1944 மார்ச் 28. கல்வி அமைச்சர் ஆர்.ஏ. பட்லர் தன் பெருமைக்குரிய கல்வி மசோதாவைத் தாலாட்டித் தாலாட்டி நகர்த்திக்கொண்டிருந்தார். தெல்மா கசலெட்-கீர் எழுந்தார். இவரும் டோரி, அதாவது பட்லரின் சொந்தக் கட்சி. ஆசிரியைக்கும் ஆசிரியருக்கும் ஒரே சம்பளம் என்று ஒரு திருத்தம். அப்போது ஆசிரியைகள் வாங்கியது ஆண் சம்பளத்தில் சுமார் ஐந்தில் நான்கு பங்கு. பெண் எம்.பி.க்களுக்கோ முதல் நாளிலிருந்தே ஆண்களுக்குச் சமமான சம்பளம், அப்போது வருஷத்துக்கு 600 பவுண்டு. சமசம்பளம் கொடுத்தால் நாடு மூழ்கிவிடும் என்று பேசிய இடத்திலேயே அது கால் நூற்றாண்டாக நடந்துகொண்டிருந்தது. அந்தக் கட்டடம் மூழ்கியதாகத் தகவல் இல்லை.

ஓட்டெண்ணிக்கை: ஆதரவு 117, எதிர்ப்பு 116.

பெண்கள் மட்டும் சேர்ந்தால் ஒரு டஜன் தேறும். மீதி நூற்றுச் சொச்சமும் ஆண்கள்; அவர்களில் பட்லரின் கட்சியைச் சேர்ந்த சீர்திருத்தக் குஞ்சுகளும் உண்டு. எங்கேயோ ஒரு டோரி எம்.பி. இன்னொரு கோப்பை காபி கேட்டிருக்க வேண்டும், அந்த ஒரு ஓட்டுக்காகவே அவருக்குச் சிலை வைக்கலாம்.

நார்மண்டியில் படையிறக்கப் பத்தே வாரம். ஐரோப்பாவை மீட்கத் திட்டம் போட்டுக்கொண்டிருந்த சர்ச்சில் வரைபடத்தைச் சுருட்டி வைத்துவிட்டு மறுநாள் சபைக்கு வந்தார். அதே பிரிவின்மேல் மறுபடி ஓட்டுப் போடுங்கள், இது அரசாங்கத்தின் மேல் நம்பிக்கை வாக்கெடுப்பு என்றார். இவ்வளவு ரோஷம் எதற்கு என்று கேட்ட எம்.பி. ஹெரால்டு நிக்கல்சனிடம், தான் கூண்டில் அடிபட்டுக் கிடக்கும் கேனரிக் குருவி ஆக மாட்டேன், தள்ளிவிட்டவர்களே கொம்பில் ஏற்றி உட்கார வையுங்கள், இல்லாவிட்டால் பாட மாட்டேன் என்கிற தோரணையில் பதில் வந்தது. உலகத்தை ரட்சிக்க வந்தவர் குருவியாக மாறி முரண்டுபிடித்த காட்சி சரித்திரத்தில் அபூர்வம்.

மார்ச் 30-ஆம் தேதி முடிவு 425-க்கு 23. சமசம்பளமா, சர்ச்சிலா என்று கேட்டால் அன்றைக்கு யார் என்ன சொல்ல முடியும்? கசலெட்-கீர் தன் திருத்தத்தை எதிர்த்துத் தானே ஓட்டுப் போட்டார். பெற்ற பிள்ளைக்குத் தானே கொள்ளி வைத்த கொடுமை.

ஆனால் கேள்வி வெளியே வந்துவிட்டது. அதை அமுக்க அரசாங்கங்களுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் கமிஷன். ராயல் கமிஷன் போட்டார்கள். தலைவர் நீதிபதி சிரில் ஆஸ்க்வித். இவருடைய அப்பா யார் தெரியுமா? பெண்களுக்கு ஓட்டே கூடாது என்று பல வருஷம் மல்லுக்கு நின்ற பிரதமர் ஆஸ்க்வித். தேடிப் பிடித்திருக்கிறார்கள். அதைவிட அழகு, சமசம்பளத்தின் விளைவுகளை ஆராயலாம், சிபாரிசு மட்டும் செய்யக் கூடாது என்பது கமிஷனுக்கு உத்தரவு. சமையல்காரரைக் கூப்பிட்டு அடுப்பை மூட்டாதே என்று சொன்ன மாதிரி. 1946-இல் அறிக்கை வந்தது. பெண்களுக்குக் குறைத்துக் கொடுப்பதற்குக் காரணம் கண்டுபிடித்தது பெரும்பான்மை. கமிஷனிலிருந்த பெண்களில் 3 பேர் அதை ஏற்காமல் மறுப்புரை எழுதினார்கள். அதற்குள் ஆட்சிக்கு வந்திருந்த லேபர் அரசாங்கம் 1947-இல் சமசம்பளத்தைக் கொள்கையளவில் ஏற்றுக்கொண்டது. ‘கொள்கையளவில்’ என்றால் என்ன அர்த்தம் என்று சம்பளம் வாங்கும் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. இப்போது கையில் காசில்லை.

1954 மார்ச் 8. பாராளுமன்ற வாசலில் குதிரை வண்டிகள். பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்ட சஃப்ரஜெட் போராட்டத்தின் நிறங்களில் அலங்காரம். இறங்கியவர்கள்: ஐரீன் வார்டு, டோரி, ஈடித் சம்மர்ஸ்கில், பார்பரா காசில் இருவரும் லேபர், பட்ரிஷியா ஃபோர்டு, வட அயர்லாந்தின் யூனியனிஸ்ட். கையில் 80,000 கையெழுத்து கொண்ட சமசம்பள மனு. பஸ்ஸில் வந்திருந்தால் எந்தப் பத்திரிகையும் படம் போட்டிருக்காது. குதிரைகள் செய்த சேவை பெரிது. பிரதமர் நாற்காலியில் மறுபடி சர்ச்சில். நிதியமைச்சர்? அதே ஆர்.ஏ. பட்லர். பத்து வருஷம் முன்னால் ஒரு ஓட்டில் கவிழ்ந்து, எதை முடியவே முடியாது என்றாரோ, அதைத் தன் கையாலேயே 1955-இல் கொடுத்தார். அரசு அலுவலகப் பெண்களுக்கும் ஆசிரியைகளுக்கும் சமசம்பளம். ஒரேயடியாக அல்ல, வருஷத்துக்கு ஒரு தவணையாக 7 தவணை. 1961-இல்தான் கணக்கு நேராகும். பர்னிச்சர் வாங்கினால்கூட இதைவிடச் சீக்கிரம் தவணை முடியும்.

தனியார் கம்பெனிகளையும் மடக்க அதே குதிரை வண்டி காசில் அம்மாள் அமைச்சராகி 1970-இல் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. அது வேறு கூத்து. பட்லரின் தவணைத் திட்டத்திலேயே ஒரு சின்ன எழுத்து இருந்தது: பெண்கள் மட்டுமே பார்க்கும் வேலைகளுக்கு இது பொருந்தாது. டைப்பிஸ்டுகள் அத்தனை பேரும் பெண்கள். ஆண் டைப்பிஸ்ட் ஒருவரும் இல்லாதபோது யாரோடு சமமாக்குவது? ஆக, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சம்பளம் என்று அரசாங்கம் அனுப்பிய கடிதங்களை உட்கார்ந்து தட்டித்தள்ளிய பெண்கள் பழைய சம்பளத்திலேயே தட்டினார்கள்.