யார் எழுதிக் கொடுத்தது?

1996 மார்ச் கடைசி. ஆஸ்கர் முடிவு வந்ததும், நான் வேலை பார்த்த வாரப் பத்திரிகை பக்கம் முடிக்கும் நாளும் ஒன்றாக அமைந்துவிட்டன. கடைசி நேரத்தில் ஒரு ஊறுகாய் விளம்பரம் கழன்றுகொண்டதால் சினிமாப் பக்கத்தின் கீழ்க்கோடியில் உள்ளங்கை அகலத்துக்கு இடம் விழுந்திருந்தது. எம்மா தாம்சன் என்ற பிரிட்டிஷ் நடிகை திரைக்கதைக்காக ஆஸ்கர் வாங்கியிருக்கிறார், ஏற்கெனவே நடிப்புக்கும் ஒன்று வைத்திருக்கிறார், இரண்டையும் வாங்கியவர் வேறு யாரும் இல்லை என்று ஆசிரியரிடம் சொன்னேன். அவர் புரூஃபிலிருந்து தலை தூக்கவில்லை.

“நடிகைதானேம்மா? யாரு எழுதிக் குடுத்தாங்களாம்?”

“அவங்களேதான் சார் எழுதினாங்க.”

“சரி, நாலு வரி போதும்.”

நாலு வரி எழுதினேன். லே-அவுட்டில் இருந்த பையன் அந்தப் படத்தின் ஸ்டில் ஒன்றிலிருந்து அழகாகத் தெரிந்த முகத்தை வெட்டி ஒட்டினான். அது எம்மா இல்லை, தங்கையாக நடித்த பத்தொன்பது வயதுப் பெண். ஒரு வாசகரும் கேட்கவில்லை. 1998இல் ‘டைட்டானிக்’ சென்னையில் சக்கைப்போடு போட்டபோதுதான் ஒரு கடிதம் வந்தது: “இரண்டு வருடம் முன்பு நீங்கள் எம்மா தாம்சன் என்று போட்ட படத்தில் இருப்பது கேட் வின்ஸ்லெட்.” பழைய இதழ்களை அவ்வளவு பத்திரமாக வைத்திருக்கும் மனிதர் என்ன வேலை பார்த்தார் என்று இன்றும் யோசிக்கிறேன்.

ஆசிரியரின் கேள்வியை அன்று பழங்காலத்து ஆள் பேச்சு என்று நினைத்து உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். எம்மாவின் கதையைத் தேடிப் படிக்கப் படிக்கத்தான் அந்தக் கேள்வி அவரை எங்கெல்லாம் பின்தொடர்ந்திருக்கிறது என்று தெரிந்தது.

1959இல் லண்டனில் பிறந்தவர். அம்மா ஃபிலிடா லா, நடிகை. அப்பா எரிக் தாம்சன்தான் எனக்குப் பிடித்த ஆள். பிரெஞ்சுக் குழந்தைகள் பொம்மைப் படத் தொடர் ஒன்றை பிபிசி வாங்கி, ஆங்கிலத்தில் சொல்லும்படி அவரிடம் கொடுத்தது. மனிதர் பிரெஞ்சு வசனத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, பொம்மைகள் ஆடுவதைப் பார்த்துப் பார்த்துத் தன் இஷ்டத்துக்கு ஒரு புதுக்கதை எழுதிப் படித்தார். ‘தி மேஜிக் ரவுண்டபவுட்’ பிரிட்டனில் ஒரு தலைமுறைக்கே பால்ய நினைவாகிவிட்டது. அவரிடம் யாரும் ‘எழுதிக் கொடுத்தது யார்’ என்று கேட்டதாகத் தெரியவில்லை. 1982இல், ஐம்பத்து மூன்றே வயதில் போய்விட்டார்.

மகள் கேம்பிரிட்ஜில் ஆங்கில இலக்கியம் படித்தார். அங்கே ஃபுட்லைட்ஸ் என்ற மாணவர் நகைச்சுவைக் குழுவில் ஹியூ லாரி, ஸ்டீபன் ஃபிரை எல்லாம் கூட்டாளிகள். 1981இல் எடின்பரோ விழாவில் நகைச்சுவைக்கான பெரியர் விருதை முதல்முறையாகக் கொடுத்தபோது வாங்கியது இந்தக் கூட்டம்தான். அந்த நெட்டை மனிதர் ஃபிரையை மறந்துவிடாதீர்கள், பின்னால் வேண்டும்.

1988இல் பிபிசி ‘தாம்சன்’ என்று அவர் பெயரிலேயே ஒரு நிகழ்ச்சி கொடுத்தது. எழுதியதும் நடித்ததும் அவரே. விமர்சகர்கள் கிழித்துத் தோரணம் கட்டினார்கள். ஆனால் அதில் வந்த குட்டி நாடகங்கள் லிண்ட்சே டோரன் என்ற அமெரிக்கத் தயாரிப்பாளரின் கண்ணில் பட்டன. விக்டோரியா காலத்து மணப்பெண், முதலிரவில் என்ன நடந்தது என்றே விளங்காமல் பேசும் காட்சி ஒன்று. ஜேன் ஆஸ்டினின் ‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’யைப் படமாக்க எழுத்தாளரைப் பல வருடமாகத் தேடிக்கொண்டிருந்த டோரன், இவர்தான் ஆள் என்று பிடித்துக்கொண்டார். ஊரே கைவிட்ட நிகழ்ச்சி ஆஸ்கருக்கு அஸ்திவாரம் போட்டது. அடி வாங்கிய எழுத்தாளர்கள் யாரும் இதை ஆறுதலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நம்மைத் தேடிக்கொண்டு லிண்ட்சே டோரன் எதுவும் வரப்போவதில்லை.

முதல் வரைவே கையெழுத்தில் முந்நூறு பக்கத்துக்கு மேல். நாலு வருடத்துக்கு மேலாக, நடிப்புக்கு நடுவே எழுதுவதும் அடிப்பதுமாக இருந்தார். அதற்குள் ‘ஹவர்ட்ஸ் எண்ட்’ படத்துக்கு 1993இல் சிறந்த நடிகை ஆஸ்கர் வந்தது. நம்ம பம்பாய் இஸ்மாயில் மெர்ச்சண்ட் தயாரித்த படம். இத்தனைக்குப் பிறகும் ஸ்டுடியோக்காரர்கள் தயங்கினார்கள்: நடிப்பார், சரி, முதல்முறை திரைக்கதை எழுதுகிறவரை நம்பிப் பணம் போடுவதா? கடைசியில் கொலம்பியா ஒத்துக்கொண்டது. இயக்க வந்தவர் தைவான்காரரான ஆங் லீ. எழுதினவரே அக்காவாக நடிக்க வேண்டும் என்பதும் முடிவானது. நாவலில் அக்காவுக்கு வயது 19, எம்மாவுக்கு அப்போது 36. உடனே திரைக்கதையில் வயதை 27 ஆக்கிவிட்டார்கள். நம்மூரில் ஐம்பது தாண்டிய நாயகர்கள் கல்லூரி நோட்டோடு ஓடிவந்தபோது யாரும் இப்படிக் கூச்சப்பட்டு வயதைத் திருத்தியதில்லை.

எழுதிக்கொண்டிருந்த காலத்தில் நடந்ததை எம்மாவே பேட்டியில் சொல்லிச் சிரிக்கிறார். ஒருநாள் எழுந்து கழிப்பறைக்குப் போய்விட்டு வந்து பார்த்தால், கம்ப்யூட்டரில் இருந்த மொத்தத் திரைக்கதையும் எகிப்துச் சித்திர எழுத்து மாதிரி ஆகிக் கிடக்கிறது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு, வீட்டில் போட்டிருந்த அங்கியோடு டாக்சி ஏறி, ஸ்டீபன் ஃபிரை வீட்டுக்கு ஓடியிருக்கிறார். ஃபிரைக்குக் கம்ப்யூட்டர் பைத்தியம். மணிக்கணக்கில் உட்கார்ந்து மீட்டுக் கொடுத்தார். மீண்டு வந்தது பத்தி, புள்ளி எதுவும் இல்லாமல் ஒரே நீள வாக்கியமாக.

இதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வரவில்லை, வயிறு கலங்கியது. தொண்ணூறுகளில் தமிழில் டைப் செய்தவர்களுக்குத் தெரியும். ஒரு மெஷினில் அடித்த கட்டுரையை அந்த ஃபான்ட் இல்லாத இன்னொரு மெஷினில் திறந்தால் கேள்விக்குறியும் கொம்பும் வாலுமாக ஒரு பக்கம் வரும். எங்கள் ஆபரேட்டர் அதைப் பார்த்துவிட்டு, “மேடம், உங்க கட்டுரை இன்னிக்குத்தான் கொஞ்சம் புரியற மாதிரி இருக்கு” என்பார். எங்களுக்கு ஒரு ஃபிரை வாய்க்கவில்லை. முதலிலிருந்து அடித்தோம்.

கோல்டன் குளோப் மேடையில் எம்மா, ஜேன் ஆஸ்டினே அந்த விருந்துக்கு வந்து கடிதம் எழுதினால் எப்படி இருக்கும் என்று ஒரு கடிதத்தை எழுதிவந்து வாசித்தார். ஆஸ்கர் மேடையில், வின்செஸ்டர் தேவாலயத்தில் இருக்கும் ஆஸ்டினின் கல்லறைக்குப் போய் மரியாதை செலுத்தி, வசூல் நிலவரத்தையும் சொல்லிவிட்டு வந்ததாகச் சொன்னார். அசல் எழுதினவருக்குக் கணக்கு ஒப்பிக்கும் திரைக்கதையாசிரியரை நான் இந்தப் பக்கம் பார்த்ததில்லை. அதே நாவல் 2000இல் ராஜீவ் மேனன் கைக்கு வந்து, சுஜாதாவும் கூட வசனம் எழுத, காரைக்குடி வீட்டில் தபுவும் ஐஸ்வர்யா ராயும் அக்கா தங்கையாக நின்றபோது, தியேட்டரில் எனக்குப் பக்கத்தில் இருந்தவர் ஆஸ்டினையும் எம்மாவையும் கேள்விப்பட்டிருக்கவில்லை. மம்முட்டிக்கு விசிலடித்தார்.

அப்புறம் ‘நானி மெக்ஃபீ’ எழுதி, மருவும் துருத்திய பல்லுமாக அவரே நடித்தார். ‘ஹாரி பாட்ட’ரில் சோடாபுட்டிக் கண்ணாடி ஆசிரியை. ‘எஃபி கிரே’ என்ற திரைக்கதைக்கு மட்டும் பழைய கேள்வி வக்கீல் கோட்டு மாட்டிக்கொண்டு வந்தது: எங்களுடையதைப் பார்த்து எழுதியது என்று இரண்டு தரப்பு கிளம்ப, விஷயம் நியூயார்க் நீதிமன்றம் வரை போனது. இரண்டிலும் தீர்ப்பு எம்மா பக்கம். 2018இல் ‘டேம்’ பட்டம் வாங்க பக்கிங்ஹாம் அரண்மனைக்கு ஸ்னீக்கர் ஷூவோடு போனார். அதற்கும் திட்டினார்கள்.

2025இல் ஓர் அமெரிக்க இரவு நிகழ்ச்சியில், செயற்கை நுண்ணறிவு பற்றி எம்மாவிடம் கேட்டார்கள். அவர் இன்னும் தாளில் கையால்தான் எழுதுகிறார். பிறகு கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார். ஏற்றி முடித்ததும் வேர்ட் கேட்கிறதாம்: இதை உங்களுக்காக மாற்றி எழுதித் தரட்டுமா? நான் எழுதியதை நீ திருத்தி எழுத வேண்டாம் என்று அச்சில் ஏற்ற முடியாத ஒரு சொல்லும் சேர்த்துக் கத்துவதாகச் சொன்னார். முப்பது வருடம் முன்பு எழுதியதை விழுங்கிய பெட்டி, இப்போது கைகட்டி நின்று எழுதிக் கொடுக்கட்டுமா என்று கேட்கிறது.

எங்கள் ஆசிரியர் இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். அவர் கேள்விக்கு ஒருவழியாகப் பதில் கிடைத்துவிட்டது. இந்தக் கட்டுரையை அடிக்கும்போதும் என் திரையின் ஓரத்தில், எழுதித் தரட்டுமா என்று ஒரு குட்டி நட்சத்திரம் மின்னிக்கொண்டே இருக்கிறது. “எம்மா” என்று அடித்தால் “அம்மா” என்று திருத்துகிறது. ஏழு முறை மாற்றினேன்.

எம்மா தன் ஆஸ்கர்களைக் கழிப்பறையில் வைத்திருக்கிறார். எழுந்து போய்விட்டு வருவதற்குள் தொலைந்த கதைக்குக் கிடைத்த பரிசு, அவர் எழுந்து போகும் இடத்திலேயே காத்திருக்கிறது. நான் எழுதிய நாலு வரி, தப்பான படத்தோடு, எங்கள் சமையலறை அலமாரியின் இரண்டாம் தட்டில் எண்ணெய் இறங்கிக் கிடந்தது. போன பொங்கலுக்குத் தட்டு துடைத்தபோது தாளைப் பிரித்துப் பார்த்தேன். முகம் போய்விட்டது. அதன்மேல் இத்தனை வருடமாக இருந்தது ஊறுகாய் ஜாடி.