எந்தக் கண்ணம்மா? – ஒருபெயர்ப் பாடல்கள் பற்றிய ஓர் ஆய்வு

தமிழ் சினிமாப் பாட்டுக்குத் தனியாகத் தலைப்பு கிடையாது. எந்தச் சொல்லில் தொடங்குகிறதோ பெரும்பாலும் அதுவே அதன் பெயர். இதனால் விளையும் குழப்பத்தைப் பல்கலைக்கழகங்கள் கவனிக்கிற மாதிரித் தெரியவில்லை. ஆகவே, ராதாபுரம் வட்டாரத்துக் கோயில் கொடை விழாக்களை ஆய்வுக்களமாகக் கொண்டு இக்கட்டுரை அப்பணியை மேற்கொள்கிறது.

சிக்கல் வெளிப்படும் நேரம் இரவு பதினோரு மணி. இன்னிசைக் கச்சேரி சூடு பிடித்திருக்கும். கூட்டத்திலிருந்து கைமாறிக் கைமாறி ஒரு சீட்டு மேடைக்கு வரும். உள்ளே மடித்த பத்து ரூபாய் நோட்டு. சீட்டில் ‘கண்ணம்மா பாட்டு’ என்பதற்கு மேல் ஓர் எழுத்து இராது.

“எந்தக் கண்ணம்மாவைக் கேக்காவ அண்ணாச்சி?” என்பார் பாடகர்.

“ரூவாயக் குடுத்துட்டுப் போயிட்டாவளே தம்பி” என்பார் கீபோர்டுக்காரர்.

பாடகரின் தயக்கம் நியாயமானது. 1992-ல் வந்த ‘வண்ண வண்ணப் பூக்கள்’ படத்தில் இளையராஜா, எஸ். ஜானகி பாடிய பாட்டு கண்ணம்மாவில்தான் தொடங்குகிறது. 2016-ல் ‘றெக்க’ படத்துக்காக டி. இமான் இசையில் நந்தினி ஸ்ரீகர் ஒரு கண்ணம்மா பாடினார். 2018-ல் ‘காலா’வுக்குச் சந்தோஷ் நாராயணன் போட்டது இன்னொன்று. மறு ஆண்டே ‘இஸ்பேட் ராஜாவும் இதய ராணியும்’ படத்தில் சாம் சி.எஸ். இசையமைக்க அனிருத் பாடியது மற்றுமொன்று. பட்டியல் இதோடு முடிந்துவிடாது. பத்து ரூபாய்க்கு இவ்வளவு போதும்.

மூலத்தைத் தேடிப் போனால் ஆய்வு உள்ளூருக்கே திரும்பி வருகிறது. எட்டயபுரத்துப் பாரதியின் ‘கண்ணன் பாட்டு’ 1917-ல் வெளிவந்தது. பதிப்பித்தவர் நம் நெல்லைச் சீமையின் பரலி சு. நெல்லையப்பர். அந்த நூலிலேயே ‘கண்ணம்மா – என் காதலி’ என்ற ஒரே தலைப்பில் ஆறு பாடல்கள் இருக்கின்றன. குழப்பம் வரும் என்று கவிஞருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ‘காட்சி வியப்பு’, ‘முகத்திரை களைதல்’ என்று ஒவ்வொன்றுக்கும் உள்தலைப்பு வைத்துத் தப்பித்துக்கொண்டார். சீட்டு எழுதுகிறவர்களுக்கு அந்தப் பொறுப்பு இல்லை.

பாரதியின் தலைப்பு போதாதென்று அவருடைய தொடக்கச் சொற்களும் பங்கு பிரிக்கப்பட்டன. ‘கண்ணம்மா – என் குழந்தை’ தொடங்கும் ‘சின்னஞ்சிறு கிளியே’ 1951-ல் ‘மணமகள்’ படத்தில் பாரதி பாட்டாகவே ஒலித்தது. 1983-ல் ‘முந்தானை முடிச்சு’ அதே இரண்டு சொற்களோடு வேறு பாட்டைத் தந்தது. ‘சுட்டும் விழி’க்கும் இதே கதிதான். 2000-ல் ‘கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்’ படத்தில் ஹரிஹரன் பாடியது பாரதியுடையது. 2005-ல் ‘கஜினி’யில் வந்தது நா. முத்துக்குமாருடையது. இவற்றைத் தாயாதிப் பாடல்கள் என வகைப்படுத்த இக்கட்டுரை பரிந்துரைக்கிறது. பங்காளிச் சண்டை மட்டும் வரவில்லை.

சினிமாவை மட்டும் குறை சொல்வது அநியாயம். பெரியாழ்வாரும் திருப்பல்லாண்டு பாடினார், சேந்தனாரும் திருப்பல்லாண்டு பாடினார். முன்னது 12 பாசுரம், பின்னது 13 பாட்டு. திருப்பள்ளியெழுச்சி இன்னும் மோசம்: மாணிக்கவாசகருடையதும் பத்து, தொண்டரடிப்பொடியாழ்வாருடையதும் பத்து. ஆனால் மார்கழி விடியலில் யாரும் குழம்புவதில்லை. ராதாபுரம் வரகுணபாண்டீஸ்வரர் கோயில் போன்ற சிவன் கோயில் என்றால் மணிவாசகர். பெருமாள் கோயில் என்றால் ஆழ்வார். இடமே அடையாளம் சொல்லிவிடுகிறது. கொடைப் பந்தலுக்கு அந்த வசதி கிடையாது.

வழக்குப் போட்டும் பயனில்லை. வெறும் தலைப்புக்குப் பதிப்புரிமை இல்லை என்று ‘தேசி பாய்ஸ்’ படம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2015-லேயே சொல்லிவிட்டது. லயனல் ரிச்சி 1984-ல் உலகெங்கும் ஒலிக்கவிட்ட ‘ஹலோ’ என்ற பெயரிலேயே அதே 2015-ல் அடேலும் ஒரு பாட்டு வெளியிட்டார். அங்கே பாடியவர் பெயரைச் சொன்னால் தீர்ந்தது. இங்கே, ஒரே தெருவில் இரண்டு இசக்கிமுத்து இருந்தால் ஒருவர் ‘ரேஷன்கடை இசக்கி’ ஆகிவிடுவதுபோல, பாட்டுக்கும் படமோ கதாநாயகனோதான் முன்னொட்டு. ‘காலா’ பாட்டை ‘ரஜினி கண்ணம்மா’ என்றே கேட்பார்கள். ரஜினி அதில் ஒரு சொல்லும் பாடவில்லை. பாடியவர்கள் பிரதீப் குமாரும் தீயும்.

சீட்டு விவகாரத்தில் ராதாபுரம் தொகுதிக்கு முன்னனுபவம் உண்டு. 2016 சட்டமன்றத் தேர்தலில் 49 வாக்கு வித்தியாசம்; தபால் வாக்குச் சீட்டு செல்லுமா செல்லாதா என்ற தகராறு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஆகவே கொடைக் கமிட்டியாருக்கு ஒரு வேண்டுகோள். படத்தின் பெயர் எழுதாத விருப்பச் சீட்டு செல்லாது என்று கச்சேரி தொடங்குமுன்பே மைக்கில் அறிவித்துவிடுங்கள். பத்து ரூபாயைத் திருப்பித் தர வேண்டியதில்லை.