ஓரத்தில் இருபது கோடு

எங்கள் தெருவில் இந்தோசீனாப் போரெல்லாம் பார்த்துவிட்டு பிரெஞ்சு பென்ஷனோடு வந்து உட்கார்ந்த ஒரு சொல்தா தாத்தா இருந்தார். ஒப்லார் லென்ஸ் பூட்டிய அவருடைய ஃபோக்கா காமிராவை யாரும் தொட முடியாது. ஆனால் அதோடு வந்த பிரெஞ்சுக் குறிப்புப் புத்தகத்தை மட்டும் தாராளமாகத் தருவார், அதனால் நானும் என் கூட்டாளியும் ஒரு படம்கூட எடுக்காமலேயே பெரிய காமிராக்காரர்களாகிவிட்டோம். 50 மில்லிமீட்டர் லென்ஸில் அப்பர்ச்சர் 8 வைத்துப் பத்து மீட்டருக்குத் திருப்பினால் ஐந்து மீட்டரிலிருந்து வங்கக் கடலின் அடிவானம் வரை அத்தனையும் தெளிவு என்று, கடற்கரைச் சாலையில் வெறுங்கையோடு அடி வைத்து அளந்துகொண்டு போவோம். 1950 ஏப்ரலில் லைக்காவோடு இங்கே வந்து அரவிந்தரைப் படம் பிடித்துப் போன கார்த்தியே-பிரெசோனுக்கு இந்தக் கணக்கு விரல் நுனியில் இருந்திருக்கும்; எங்களுக்கு நாக்கு நுனியில்.

பிறகு மூர் மார்க்கெட்டில் பழைய ரஷ்ய ஜெனிட் ஒன்று படிந்தது, ஹீலியோஸ் 44-2 லென்ஸும், 'பாஸ்போர்ட்' என்று அந்நாட்டுக்காரர்களே பெயரிட்ட அதன் தாளுமாக. எத்தனை நேர்மையான தாள்! நடுவில் மில்லிமீட்டருக்கு 38 கோடு பிரித்துக் காட்டும், ஓரத்தில் 20தான் என்று தன் குறையைத் தானே அச்சடித்து வைத்திருந்தது. அந்த 20 எங்கள் தூக்கத்தைக் கெடுத்தது. கல்யாண வீடுகளில் சித்தப்பா, அத்தைகளையெல்லாம் தோளோடு தோள் இடிக்க நடுவில் நெருக்கி நிறுத்தினோம். அந்தப் படங்களில் யாரும் நிம்மதியாக மூச்சு விட்டதாகத் தெரியவில்லை.

அந்த லென்ஸைக் கடற்காற்றும் பூஞ்சணமும் தின்று தீர்த்தன. இப்போது ஒயிட் டவுனில் ஒவ்வொரு மஞ்சள் சுவருக்கும் ஒரு மாப்பிள்ளை, பெண். ஃபோகஸைக் காமிராவே பார்த்துக்கொள்கிறது, அளக்க ஆளில்லை. கூட்டாளியின் பேரன் மட்டும், புத்தம்புது மிரர்லெஸ் காமிராவில் அடாப்டர் போட்டு, அதே ஹீலியோஸை நல்ல விலை கொடுத்து வாங்கி மாட்டியிருக்கிறான். பாஸ்போர்ட் தாளும் சேர்ந்திருந்தால் விலை இன்னும் ஏறுமாம். நான் விடுவேனா? அப்பர்ச்சர் 2-இல் எடுக்காதே, ஓரத்தில் 20 கோடுதான் என்று என் பழைய ஞானத்தை அவிழ்த்தேன்.

"அதுக்காகத்தானே தாத்தா வாங்கினேன். பின்னாடி வேப்ப இலையெல்லாம் சுத்துற மாதிரி வரும், பாருங்க" என்றவன், என்னையும் ஒரு படம் எடுக்கிறேன் என்று காமிராவைக் கண்ணில் வைத்தான்.

"நடுவுல வேணாம் தாத்தா, கொஞ்சம் ஓரமா நில்லுங்க."