அப்பா பாட்டு, அம்மா பாட்டு

கேள்வி: முதல் ஆல்பம் ஓடினால் இரண்டாவது படுத்துவிடும் என்கிறார்களே, பாப் பாடகர்கள் எல்லாருக்கும் அப்படித்தானா?
(வாசகி, திருச்சி)

பதில்: எம்.ஐ.ஏ.வைக் கேளுங்கள்! லண்டனில் பிறந்த ஈழத்துப் பெண். 2005இல் முதல் ஆல்பத்துக்கு அப்பாவின் இயக்கப் பெயரான 'அருளர்'. 2007இல் இரண்டாவதுக்கு அம்மா பெயர், 'கலா'. ரேஷன் கார்டு வரிசை! அமெரிக்க விசா இழுத்தடிக்க, அம்மணி அதை ஊர் ஊராகப் போய்ப் பதிவு செய்தார். சென்னைக்கும் வந்தார். அதிலுள்ள 'பேர்ட் ஃப்ளூ' பாட்டில் உறுமி அதிர்வதைக் கேட்டால், நம்மூர்த் திருவிழாவில் நிற்கிற மாதிரியே இருக்கும். பிரிட்டன் பட்டியலில் 'கலா'வுக்கு 39ஆம் இடம்தான். ஆனால் 'ரோலிங் ஸ்டோன்' இதழ் அதை அந்த ஆண்டின் தலைசிறந்த ஆல்பம் என்றது. விசாக் கடுப்பில் பிறந்த 'பேப்பர் பிளேன்ஸ்' பாட்டு, அமெரிக்காவிலேயே 4ஆம் இடத்துக்கு ஏறியது. என் ஓட்டு அம்மாவுக்கே.