ரஜூலா மாமா

கெத்தாம் தீவுப் படகின் கயிற்றை அவிழ்க்கும் முன்பே மாமா ஆரம்பித்துவிடுவார்.

"இதெல்லாம் ஒரு படகாய்யா? எங்க தாத்தா ரஜூலாவுல வந்தவரு. நடுக்கடல்ல புயலு. அலை எவ்ளோ உசரம்ங்கிறீங்க? அந்தா நிக்குதே, அந்த கிரேன் உசரம்!"

போர்ட் கிள்ளான் ஜெட்டியிலிருந்து பார்த்தால் கிரேன் தெரியும், ஆகவே கிரேன். கோல சிலாங்கூருக்குப் போனோம், அதே அலை மலாவாத்தி குன்றின் கலங்கரை விளக்கத்துக்கு வளர்ந்துவிட்டது. கிள்ளான் ஆற்றங்கரையில் அது கோத்தா பாலத்தின் இரண்டு தட்டுக்கும் மேலே போனது. பிரிக்பீல்ட்ஸ் ஒட்டுக்கடையில் தே தாரிக் குடிக்கும்போது மட்டும் கொஞ்சம் அடக்கம், விளக்குக் கம்பத்தோடு நிற்கும். கண்ணில் எது உயரமாகப் படுகிறதோ, புயல் அந்த அளவு.

இத்தனைக்கும் மாமா அந்தக் கப்பலில் கால் வைத்ததில்லை. பிறந்தது பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில். 1926-ல் கிளாஸ்கோவில் கட்டிய கப்பல் அது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, அப்போது போர்ட் ஸ்வெட்டன்ஹாமாக இருந்த நம் போர்ட் கிள்ளான், சிங்கப்பூர் என்று ஓடி, 1973-ல் கைமாறி, மறு வருஷம் உடைக்கப் போய்விட்டது. "டெக்குல மட்டும் ஐயாயிரம் பேரு" என்பார். பொய்யைப் பிடிக்கலாம் என்று தேடிப் பார்த்தேன். எழவு, உண்மைதான்! அதற்கு மேலேயே ஏற்ற அனுமதி இருந்திருக்கிறது. இவரோடு இதுதான் கஷ்டம், முழுசாக நம்பவும் முடியாது, தள்ளவும் முடியாது.

மஸ்ஜிட் ஜாமேக் பக்கம் கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் சேரும் இடத்தில் ஒரு தடவை வாய் தவறிச் சொன்னேன்: "1857-ல எண்பத்தேழு சீன ஆளுங்க ஈயம் தோண்ட இந்த ஆத்துல படகுலதான் வந்தாங்களாம், மாமா." ஆற்றைக் குனிந்து பார்த்தார். "இந்தத் தண்ணில ரஜூலா வருமாய்யா?" என்றார். கோலாலம்பூர் பிறந்த கதை அத்தோடு முடிந்தது.

தாத்தாவின் தகரப் பெட்டி அவர் வீட்டு சாமி மேடைக்குக் கீழே இருக்கிறது. மூடியில் வெள்ளைப் பெயிண்டில் எழுதிய பெயர் பாதி உரிந்திருக்கும். தீபாவளிக்கு முந்தின நாள் அதை அவரே துடைப்பார், அத்தையைத் தொட விடமாட்டார். உள்ளே ஒன்றும் கிடையாது. அந்த நேரத்தில் மட்டும் அலையைப் பற்றிப் பேசமாட்டார். அதற்காகவே அவரை இத்தனை வருஷம் பொறுத்துக்கொண்டேன்.

ஆனால் கம்போங் குவாந்தானில் செய்ததைப் பொறுக்க முடியவில்லை. மின்மினி பார்க்க ராத்திரி துடுப்புப் படகு. மோட்டார் சத்தம் இல்லை. கரையோர பெரெம்பாங் மரங்கள் முழுக்க மின்மினி, ஒன்றாக எரிந்து ஒன்றாக அணைகின்றன. படகோட்டும் பாக்சிக் மெதுவான குரலில், பூச்சி ஏன் அந்த மரத்தைத் தேடி வருகிறது என்று சொல்லத் தொடங்கினார்.

"எங்க தாத்தா ரஜூலாவுல..."

புயல் வந்தது. "அலை எவ்ளோ உசரம்ங்கிறீங்க?" கையை நீட்டினார். கும்மிருட்டு, காட்ட ஒன்றும் இல்லை. சட்டைப் பையிலிருந்து கைப்பேசியை எடுத்து, டார்ச்சைப் போட்டு, மரத்தின் உச்சிக்கு அடித்தார்.

"அந்தா, அந்த மரம் உசரம்!"

மரம் நன்றாகத் தெரிந்தது. மின்மினிதான் தெரியவில்லை. பாக்சிக் வாயை மூடிக்கொண்டு துடுப்பு போட்டார், கரை வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் பூச்சிக்கு அந்த மரத்தில் என்ன வேலை என்று கேட்கத்தான் நான் காசு கொடுத்தேன். மாமாவுக்கும் சேர்த்து நான்தான் கொடுத்தேன். அவர் என்றைக்குப் படகுக் காசு கொடுத்தார்?

அடுத்த மாதம் மறுபடியும் போகிறோம். இரண்டு சம்பான் எடுப்பதாக முடிவு செய்திருக்கிறேன். மாமாவோடு மச்சான் ஏறுவான். அவனிடம் இன்னும் சொல்லவில்லை.